மதிப்பிடப்படாத தாள்

லேப் அக்காவுக்குக் கெட்ட ரத்தத்தைக் கண்டாலே ஆகாது. கெட்ட ரத்தம் என்றால் நோயாளியின் ரத்தம் இல்லை. அது பாவம், உள்ளதை உள்ளபடி சொல்லும். ஊசி போட்டவன் அவசரத்தில் வேகமாக இழுத்தோ, கொண்டு வந்தவன் குழாயைக் கிலுகிலுப்பை மாதிரி ஆட்டியோ கெடுத்த ரத்தம். அதைச் சுழற்றி எடுத்தால் மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்து நிற்க வேண்டிய நீர் செக்கச் சிவந்து நிற்கும். அதையும் கொண்டுபோய் மிஷினில் வைத்தால் மிஷின் வெட்கமே இல்லாமல் ஒரு எண்ணைக் காட்டும். டாக்டர் அந்த எண்ணை நம்பி மருந்து கொடுத்தால் நல்லா இருக்கிற ஆள் போய்ச் சேர வேண்டியதுதான். அதனால் சிவந்த குழாயைப் பார்த்ததும் அவள் ஒரு கணமும் யோசிக்க மாட்டாள். தூக்கிச் சிவப்புத் தொட்டியில் போட்டுவிட்டு, வேறு ரத்தம் அனுப்பச் சொல்லி வார்டுக்குப் போன் போடுவாள். "தப்பான எண்ணைவிட எண் இல்லாமல் இருக்கிறது மேல்" என்பாள். இருபத்திரண்டு வருடமாக இதே பாட்டுத்தான். ஆஸ்பத்திரியில் சின்ன டாக்டர்களிலிருந்து தரை துடைப்பவர்கள் வரை எல்லோருக்கும் அவள் லேப் அக்காதான். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

அவள் செய்ததைச் சொல்லுமுன் இதைச் சொல்லக் காரணம் உண்டு. அவள் கெட்டவள் இல்லை. முட்டாளும் இல்லை. வேலையில் கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரத்தனத்தை ஆஸ்பத்திரி வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அவளுக்கு ஒரே பெண். உருவத்தைப் பார்த்து வீட்டில் வைத்த பெயர் பொடி. பள்ளியிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. பொடிக்குக் கடலைப் பற்றிப் படிக்க வேண்டும். கடலுக்கு அடியில் ஓடும் நீரோட்டம், அதன் சூடு, உப்பு, அதெல்லாம் ஒரு படிப்பாம். நாட்டிலேயே ஒரே ஒரு கல்லூரியில்தான் அது உண்டு. வருடத்துக்கு முப்பத்திரண்டு பேரை எடுப்பார்கள். பள்ளி முடிக்கிற வருடத்தில் மட்டும்தான் விண்ணப்பிக்க முடியும், தவறினால் தவறியதுதான்.

"வாளித் தண்ணியில மூஞ்சி கழுவவே பயப்படுறவ. இவளுக்குக் கடல் படிப்பு" என்று அப்பா கேலி செய்வார். அவர் லிஃப்ட் மெக்கானிக். எதுவும் நடுவழியில் நிற்கக் கூடாது அவருக்கு. நின்றால் உடனே ஸ்பானரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கேலி செய்தாலும் பெண்ணின் மேசைக்கு மேல் கடல் வரைபடத்தை ஆணி அடித்து மாட்டிக் கொடுத்தது அவர்தான்.

அந்தக் கல்லூரிக்குள் போக ஒரு பொதுத் தேர்வு. எண்ணூறு மதிப்பெண். வருடத்தில் இரண்டு முறை எழுதலாம். முதல் முறை பொடிக்கு அறுநூற்றுப் பதினொன்று வந்தது. உள்ளே போகிறவர்கள் பெரும்பாலும் அறுநூற்று எண்பதுக்கு மேலே. அறுநூற்றுப் பதினொன்று என்பது வாசலில் நின்று எட்டிப் பார்க்கிற மார்க். கட்டுரை நன்றாக இருந்து, பள்ளி மார்க்கும் கைகொடுத்தால், முப்பத்திரண்டாவது ஆளாக நுழைந்தாலும் நுழையலாம்.

இரண்டாவது தேர்வுக்கு முன் பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசினார்கள். வழிகாட்டி டீச்சர் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ரெண்டு மார்க்கையும் கல்லூரி பார்க்கும். ரெண்டாவது குறைஞ்சிருந்தா, முதல்ல வந்ததும் ஏதோ அதிர்ஷ்டத்துல வந்ததுன்னு நினைச்சுடுவாங்க. சரியா எழுதலேன்னு தோணினா மூணாம் நாள் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ரத்து பண்ணிடுங்க. தாளைத் திருத்தவே மாட்டாங்க. அந்தப் பரீட்சைய எழுதாத மாதிரிதான். பிள்ளைங்களுக்குப் பதினெட்டு ஆகலைங்கறதால, ரத்து பண்றது பெத்தவங்க போன்லேர்ந்துதான் முடியும்."

முன்வரிசையில் இருந்த லேப் அக்கா தலையை ஆட்டினாள். அவளுக்குப் புரியாமல் இருக்குமா? இதைத்தானே அவள் வருடக்கணக்காகச் செய்துகொண்டிருக்கிறாள்.

பொடியோடு சேர்ந்து படித்தவள் நெட்டை. பேரைக் கேட்டாலே ஆளைத் தெரியும். பின்னால் நின்றால் பொடி மறைந்தே போவாள். ஆறாம் வகுப்பிலிருந்து இருவரும் நகமும் சதையும். நெட்டைக்குக் கட்டடம் கட்டுகிற படிப்பு வேண்டும், அதற்கும் இதே தேர்வுதான். இரண்டு வருடமாகத் தினமும் மாலை பொடி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். மேசைக்கு அடியில் நெட்டையின் கால் எதிர்ப்பக்கம் வரை நீண்டு, வருகிற போகிற அப்பாவைத் தடுக்கிவிடும்.

தேர்வு அன்றைக்கு லேப் அக்கா வேலையை முடித்துக்கொண்டு நேராகத் தேர்வு மையத்துக்குப் போனாள். பிள்ளைகள் கூட்டமாக வெளியே வந்தார்கள். சிலர் சிரித்தார்கள், சிலர் விடையைச் சொல்லிச் சண்டை போட்டார்கள். பொடி கடைசியில் வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. கீழுதட்டைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கி வைத்திருந்தாள். அம்மாவைப் பார்த்தும் பார்க்காதவள் போல நடந்து பஸ் நிறுத்தத்தில் போய் நின்றாள்.

"தண்ணி வேணுமா?" என்றாள் லேப் அக்கா.

"எதுவும் கேக்காதம்மா."

லேப் அக்கா கேட்கவில்லை. பஸ்ஸில் கேட்கவில்லை. வீட்டில் பொடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகும் கேட்கவில்லை. சாத்திய கதவுக்குப் பின்னால் தலையணையில் முகத்தைப் புதைத்து அழுகிற சத்தம் கேட்டது. எந்தத் தாய்க்குத்தான் அந்தச் சத்தம் தெரியாது?

மறுநாளும் அதே கதை. தட்டில் போட்டது போட்டபடி இருந்தது. "நெட்டைக்காவது போன் போடேண்டி, பேசினா மனசு ஆறும்" என்று அம்மா சொன்னதுதான் தாமதம், பொடி மறுபடி உடைந்து அழுதாள். லேப் அக்கா அதற்கும் ஒரு கணக்குப் போட்டாள். நெட்டை நன்றாக எழுதியிருக்கிறாள், இவள் எழுதவில்லை, அதான் பேசப் பிடிக்கவில்லை. எல்லாம் பொருந்தி வந்தது. தப்பான கணக்கு என்றால் இப்படித்தான், எல்லாப் பக்கமும் பொருந்தும்.

"வாயைத் திறந்து கேளேன் அவகிட்ட" என்றார் லிஃப்ட்காரர்.

"கேட்டா இன்னும் உடைஞ்சு போயிடுவா. விடுங்க, நான் பாத்துக்கறேன்."

மூன்றாம் நாள் அவளுக்குப் பகல் வேலை. நாலரை மணிக்குக் கையுறையைக் கழற்றி, கையைக் கழுவி, லேபின் மூலையில் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தேர்வை ரத்து செய்யப் போனை எடுத்தாள். ரத்தம் எடுக்க வார்டு வார்டாகப் போகிற ஊசிக்காரர் குழாய்த் தட்டோடு உள்ளே வந்தார். வயதில் மூத்தவர்தான், ஆனால் அவருக்கும் அவள் அக்கா. விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "பாப்பாவை ஒரு வார்த்தை கேட்டுடுங்கக்கா. நான் ஊசி போடுறப்பகூட எந்தக் கைன்னு கேட்டுட்டுத்தான் போடறேன்."

"பச்சப் புள்ளைகிட்ட போய், நீ தோத்துட்டியான்னு கேக்கச் சொல்றீங்களா?"

அவர் குழாய்த் தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார். போன் இரண்டு தடவை கேட்டது. உறுதியாகவா? உறுதியாகவா? இரண்டு தடவையும் அவள் ஆமாம் என்று அழுத்தினாள். மணி நாலு ஐம்பத்திரண்டு. நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது போல இருந்தது அவளுக்கு. அறுநூற்றுப் பதினொன்று பத்திரமாக இருக்கிறது, கெட்டுப்போன தாள் தொட்டிக்குப் போயாச்சு. அன்று பஸ்ஸில் மூன்று நாளில் முதல் முறையாக ஜன்னல் பக்கம் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

ரத்த மாதிரியைத் தொட்டியில் போட்டால் வார்டுக்குச் சொல்ல வேண்டும். அவளே ஆயிரம் பேருக்குச் சொல்லிக் கொடுத்தது அது. தன் வீட்டில்தான் மறந்துவிட்டாள்.

வீட்டில் பொடி சமையலறையில் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முகம் கழுவியிருந்தாள். அம்மா செருப்பைக் கழற்றுவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டாள், மூன்று நாள் அடக்கி வைத்ததெல்லாம் மடை திறந்த மாதிரி வந்தது.

"அம்மா, நான் ஒரு பெரிய தப்புப் பண்ணிட்டேன். கணக்குத் தாள் நடந்துட்டிருந்தப்போ நெட்டைக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. எனக்கு ரெண்டு பெஞ்சு பின்னாடி. மூச்சு வாங்கற சத்தம் கேட்டுது. அப்புறம் என்னைக் கூப்பிட்டா. பொடின்னு. சத்தமா. ஹால் பூரா கேட்டுது."

"அய்யோ. அப்புறம்?"

"எழுந்தா தாளைப் புடுங்கிடுவாங்கம்மா. பேசினாலே புடுங்கிடுவாங்க. நான் தலையைத் தூக்கல. மறுபடி கூப்பிட்டா. தூக்கல. சூப்பர்வைசர் வந்து அவளைக் கூட்டிட்டுப் போனாங்க. போறப்ப என் பெஞ்சை இடிச்சுட்டுப் போனா, பென்சில் கீழ விழுந்துடுச்சு. எடுத்து, விட்ட எடத்துலேர்ந்து போட்டேன்." பொடி வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "அதுக்கப்புறம் ஒண்ணுகூட விடலம்மா. எல்லாத்தையும் போட்டு, திரும்பவும் சரி பார்த்தேன். எழுநூறுக்கு மேல வரும். எனக்குத் தெரியும். அதான் அழுகையா வந்துது. அவ அங்க மூச்சு முட்டி நிக்கறா, நான் இங்க அவ்வளவு நல்லா எழுதறேன்."

லேப் அக்கா நிமிர்ந்து பார்த்தாள். சமையலறைக் கடிகாரத்தில் ஆறு அடிக்கப் பத்து நிமிடம்.

"இவ்வளவு கேவலமா நடந்துகிட்டதுக்கு மார்க்காவது வரணும்மா" என்றாள் பொடி. "இல்லேன்னா நான் எதுக்காக அப்படிப் பண்ணேன்?"

லேப் அக்கா குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, தேர்வு அலுவலகத்துக்குப் போன் போட்டாள். அலுவலக நேரம் முடிந்துவிட்டது என்று ஒரு பதிவுக் குரல் இனிமையாகச் சொன்னது. மறுநாள் காலை ஒரு மனிதக் குரல் அதே இனிமையோடு, ரத்து செய்தது செய்ததுதான், தாள் திருத்தும் இடத்துக்கே போகாது என்றது. தெரியாமல் செய்துவிட்டேன் என்று அழுதாள். "உறுதியான்னு ரெண்டு தடவை கேட்டிருக்குமே மேடம்" என்றது குரல். மூன்று கடிதம் எழுதினாள். மூன்றுக்கும் ஒரே பதில், தேதி மட்டும் வேறு.

அன்றே பெண்ணிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கட்டினவரிடமும் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தாள், அதுவும் தேதி குறித்த பூசணிக்காயை. இருபத்து மூன்றாம் நாள் முடிவு வரும் என்று பரீட்சைச் சீட்டிலேயே அச்சடித்திருந்தது. பேடி என்று திட்டத் தோன்றுகிறது. ஆனால் அவள் சொல்ல வாயெடுத்த ஒவ்வொரு முறையும் பொடி அந்தக் கல்லூரியைப் பற்றி ஏதாவது சொல்வாள். அங்கே ஒரு கப்பல் இருக்கிறதாம், இரண்டாம் வருடம் ஏற்றிக்கொண்டு போவார்களாம், ஆயிரம் மீட்டர் ஆழத்துத் தண்ணீரைக் குழாயில் எடுத்துச் சோதிப்பார்களாம். "உன் வேலை மாதிரிதாம்மா, கடலுக்கு ரத்தப் பரிசோதனை" என்று பொடி சொன்ன அன்று லேப் அக்கா எழுந்து போய்த் துவைத்த துணியையே திரும்பத் துவைத்தாள். லேபில் அந்த நாட்களில் இரண்டு முறை நல்ல ரத்தத்தைக் கெட்டது என்று தள்ளி டாக்டரிடம் பேச்சு வாங்கினாள்.

நெட்டை பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். பொடி தினமும் அவள் வீட்டுத் தெரு வரைக்கும் போவாள், மாடி ஜன்னலைப் பார்ப்பாள், திரும்பி வந்துவிடுவாள். "மார்க் வரட்டும். அப்புறம் போய் மன்னிப்புக் கேக்கறேன்" என்றாள் ஒரு நாள். மார்க்குக்கும் மன்னிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று அம்மா கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று நினைத்தாள்.

முடிவு வருகிற அன்று காலை பத்து மணிக்கு மூவரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அப்பா அரை நாள் லீவு போட்டிருந்தார். பொடி போனில் பரீட்சை எண்ணைத் தட்டினாள். பக்கம் திறந்தது. முதல் தேர்வு: 611. இரண்டாம் தேர்வு: மதிப்பிடப்படவில்லை.

பொடி பக்கத்தை மூடித் திறந்தாள். மறுபடி அதுவே. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"மதிப்பிடப்படலைன்னா என்ன அர்த்தம்? இவங்க திருத்த மறந்துட்டாங்களா?"

"இல்லப்பா." பொடியின் குரல் ஆச்சரியமாக அமைதியாக இருந்தது. "நெட்டை என்னைக் கூப்பிட்டாள்ல. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து காப்பி அடிக்கப் பார்த்தோம்னு நினைச்சிருப்பாங்க. ரெண்டு பேர் தாளையும் நிறுத்திட்டாங்க."

"அந்தப் பொண்ணு கூப்பிட்டதுக்கு நீ என்ன பண்ணுவே? அவளுக்கு உடம்பு சரியில்லேன்னா வீட்ல கெடக்க வேண்டியதுதானே? நீ திரும்பிக்கூடப் பாக்கலியே." அப்பா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "நான் இப்பவே ஸ்கூலுக்குப் போறேன். தலைமை டீச்சரைப் பாத்து எழுதிக் குடுக்கறேன். அந்தப் பொண்ணாலதான் இது நடந்துதுன்னு அவளும் ஒரு வார்த்தை எழுதித் தரட்டும். தப்பு அவ பேர்ல போகட்டும், என் பொண்ணு ஏன் சாகணும்?"

"அவளை ஒண்ணும் சொல்லாதீங்கப்பா. எனக்கு இது வேணும்" என்றாள் பொடி. எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடி மாட்டினாள். "அவ கூப்பிட்டு நான் போகல. இப்ப ரெண்டு பேருக்கும் ஒரே கதி. நான் போய் அவகிட்ட சொல்லப் போறேன். இன்னைக்கு அவ கதவைத் திறப்பா."

மூன்று வாரமாகச் செத்துக் கிடந்த முகத்தில் ரத்தம் ஓடியது. லேப் அக்கா அதைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், எல்லாம் தானாக முடிந்துவிடும். பெண் தண்டனை என்று ஏற்றுக்கொண்டாள், சிநேகிதியும் திரும்பக் கிடைப்பாள். தேர்வு அலுவலகத்தின் மீது பழி போகும், அது தாங்கும். சத்தியமாகச் சொல்கிறேன், அவள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் லிஃப்ட்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு தடவை ஸ்பானரை எடுத்தால் அவர் விட மாட்டார். மூச்சு முட்டிச் சுருண்டு கிடக்கிற அந்த நெட்டைப் பெண்ணின் வீட்டு வாசலில் போய் நின்று, உன்னால்தான் என்று எழுதி வாங்காமல் வர மாட்டார்.

"எங்கேயும் போகாதீங்க" என்றாள் லேப் அக்கா. "நான்தான் ரத்து பண்ணேன்."

அப்பாவின் கை மேல் பொத்தானில் நின்றது.

"என்ன பண்ணே?" என்றார்.

"மூணாம் நாள். அஞ்சு மணிக்கு முன்னாடி. அவ அழுதுட்டே இருந்தா. சரியா எழுதலேன்னு நினைச்சேன். குறைஞ்ச மார்க் வந்தா இருக்கறதும் போயிடும்னு..." அவள் பொடியைப் பார்த்தாள். "லேப்ல நின்னுகிட்டுப் பண்ணேன்."

"என்னை ஏம்மா கேக்கல?" என்றாள் பொடி.

"பயமா இருந்துதுடி. தோத்துட்டியான்னு கேட்டா நீ ஆமான்னு சொல்லிடுவியோன்னு பயமா இருந்துது."

"பாவி" என்றார் அப்பா. கத்தவில்லை. சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பொடி வாசலில் நின்றபடியே இருந்தாள். அழுவாள், கத்துவாள், கையில் கிடைத்ததைத் தூக்கி எறிவாள் என்று லேப் அக்கா காத்திருந்தாள். எறிந்தால் தேவலை என்றுகூட நினைத்தாள். பொடி என்னவோ கணக்குப் போடுகிறவள் போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

"அப்ப யாரும் என்னைத் தண்டிக்கல" என்றாள் மெதுவாக.

"இல்லம்மா. உன் மேல ஒரு தப்பும் இல்ல."

"அதில்லம்மா." அவள் அம்மாவை நேராகப் பார்த்தாள். "அன்னைக்கு அவ கூப்பிட்டப்போ நான் பென்சிலைப் போட்டுட்டு எழுந்து போயிருந்தாலும் இதே அறுநூத்துப் பதினொண்ணுதான். இல்ல?"

லேப் அக்காவுக்கு எண் விஷயத்தில் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"ஆமா" என்றாள்.

பொடி தலையை ஆட்டினாள். பிறகு குனிந்து, நெட்டை வீட்டுக்குப் போக மாட்டிய செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனாள்.